கடைமடை நீர்வழிகளும் ஆக்கிரமிப்பு அகற்றமும்: நாகைக் கடற்கரையை முன்வைத்துத் தீர்ப்புகள் வழி ஒரு விளக்கம்

முன்னுரை

வெண்ணாற்றிலிருந்து பிரியும் வெட்டாறு நாகூரை ஒட்டிக் கடலில் கலக்கிறது. கடைமடையில் ஆறு என்பது பாசனத்திற்கு மட்டும் உரியதன்று. வடகிழக்குப் பருவமழையின்போது மேற்கே வயல்களில் தேங்கும் நீரைக் கடலுக்கு இட்டுச்செல்லும் வடிகாலும் அதுவே. கழிமுகத்தருகே ஒரு வடிகால் அடைபட்டால் மேலே சம்பாப் பயிர் அழுகுகிறது. அதே வாய்க்கால் கரைகளில்தான் வேறு மனையில்லாத குடும்பங்களும் குடியிருக்கின்றன. இவ்விரண்டையும் நீதிமன்றங்கள் எவ்வாறு எடைபோட்டுள்ளன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

இறால் பண்ணை வழக்கு

இப்பொருளில் நாகைக் கடற்கரை இந்திய அளவில் முன்னோடியான வழக்கொன்றைத் தந்துள்ளது. 1990களின் தொடக்கத்தில் இக்கரையோரம் இறால் பண்ணைகள் பெருகின. நெல் வயல்கள் உவர்நீர்க் குட்டைகளாயின, குடிநீர் உப்பேறியது, மீனவர் கடற்கரைக்குச் செல்லும் வழிகள் மறிக்கப்பட்டன. நிலமற்றோருக்கு நிலம் பெற்றுத் தரப் பாடுபட்ட காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் 1994இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல மனுத் தொடுத்தார். தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனத்தின் கள ஆய்வறிக்கைகளையும் கருத்தில் கொண்டு, 1996 டிசம்பர் 11 அன்று நீதிபதிகள் குல்தீப் சிங், சகீர் அகமது அமர்வு தீர்ப்பளித்தது. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்திலுள்ள பண்ணைகளை 1997 மார்ச் 31க்குள் இடித்தகற்ற வேண்டும் என்றும், மரபுவழிப் பண்ணைகளுக்கு விலக்கு உண்டு என்றும் அது கூறியது. விளைநிலம், உப்பளம், சதுப்புநிலம் ஆகியவற்றோடு ஊர்ப் பொதுநிலத்தையும் இறால் குட்டையாக மாற்றலாகாது என்றும் ஆணையிட்டது.

இத்தீர்ப்பில் பலர் கவனிக்காத பகுதி ஒன்றுண்டு. பண்ணைகள் மூடப்படுவதால் வேலையிழக்கும் தொழிலாளர்க்குத் தொழில் தகராறுச் சட்டப்படியான இழப்பீட்டுடன், கூடுதலாக ஆறாண்டு ஊதியமும் வழங்க வேண்டும் என்று நீதிமன்றம் பணித்தது. சூழலைக் காக்கும் செலவை எளியவர் தலையில் சுமத்தலாகாது என்ற எண்ணமே இதன் அடிப்படை எனலாம். ஆனால் மறுஆய்வு மனுக்களால் இடிப்பு தடைபட்டது. பின்னர் 2005இல் நாடாளுமன்றம் இயற்றிய கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம், 1991ஆம் ஆண்டின் கடலோர அறிவிக்கை இத்தொழிலைத் தடைசெய்யவில்லை என முன்தேதியிட்டு அறிவித்தது. முதலீடு செய்தோருக்குச் சட்டமன்றத்தின் கதவு திறந்திருந்தது. கரையோரக் குடிசைவாசிக்கு அப்படியொரு கதவு திறந்ததாகத் தெரியவில்லை.

புறம்போக்கும் உரிமையும்

குடிசைகளைப் பொறுத்தவரை வழக்கு வேறு தடத்தில் செல்கிறது. வருவாய்த்துறை புறம்போக்கை ஆட்சேபணைக்குரியது, ஆட்சேபணையற்றது எனப் பிரிக்கிறது. ஆறு, ஓடை, ஏரி, வாய்க்கால் யாவும் முன்னதில் அடங்கும். பல்லாண்டு குடியிருப்போர் ‘பி மெமோ’ கட்டிய ரசீதையும் மின் இணைப்பையும் உரிமைச் சான்றாகக் காட்டுவதுண்டு. உண்மையில் பி மெமோ என்பது ஆக்கிரமிப்புக்கு விதிக்கப்படும் தண்டத்தீர்வை; அதைக் கட்டியவர் தாம் ஆக்கிரமித்திருப்பதையே ஒப்புக்கொண்டவராகிறார்.

2001இல் ஹிஞ்ச் லால் திவாரி வழக்கில், குளத்து நிலத்தை வீட்டுமனையாக ஒதுக்கியதை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. நீர்நிலையைக் காப்பதை வாழ்வுரிமையோடு இணைத்தது. 2005இல் எல். கிருஷ்ணன் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், நீர்நிலைகளை அடையாளம் கண்டு ஆக்கிரமிப்புகளை அகற்றுமாறு அரசைப் பணித்தது. 2011 ஜனவரி 28இல் வந்த ஜக்பால் சிங் தீர்ப்பு, நெடுங்கால அனுபவமும் கட்டடச் செலவும் வரன்முறைப்படுத்தக் காரணமாகா என்றது. எனினும் நிலமற்ற தொழிலாளர், பட்டியலினத்தவர் ஆகியோருக்கு அரசே குத்தகை அளித்த இடங்களையும், பள்ளி, மருந்தகம் போன்றவை ஏற்கெனவே அமைந்த இடங்களையும் விதிவிலக்காகக் கருதலாம் என்றது. ஊர்ப் பொதுநிலத்தில் மட்டுமே பொருந்தக்கூடிய இவ்விலக்கை ஓடும் வாய்க்காலுக்கும் நீட்டுவது, என் கருத்தில், தீர்ப்பின் நோக்கத்திற்கே மாறானது.

அறிவிப்பும் விசாரணையும்

அகற்றலாமா என்பதைவிட, எவ்வாறு அகற்றுவது என்பதிலேயே நீதிமன்றங்கள் குடியிருப்போர் பக்கம் நின்றுள்ளன. 1985இல் ஓல்கா டெல்லிஸ் வழக்கில் வாழ்வாதாரம் வாழ்வுரிமையின் பகுதி என ஏற்ற உச்ச நீதிமன்றம், நடைபாதையில் குடியிருக்கும் உரிமையை ஏற்கவில்லை, முன்னறிவிப்பை வலியுறுத்தியது. தமிழ்நாட்டின் 2007ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்புச் சட்டத்தை டி. எஸ். செந்தில்குமார் வழக்கில் செல்லும் என அறிவித்த சென்னை உயர் நீதிமன்றம், வெளியேற்றுமுன் விளக்கம் கேட்கும் கடமையை அதனுள் வைத்துப் படித்தது.

2024 நவம்பர் 13இல் இடிப்பு நடவடிக்கைகள் குறித்து உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிமுறைகள் குறைந்தது 15 நாள் முன்னறிவிப்பைக் கட்டாயமாக்கின. ஆயின் சாலை, நடைபாதை, ரயில்பாதையோரம், ஆறு, நீர்நிலை ஆகிய இடங்களிலுள்ள அனுமதியற்ற கட்டுமானங்களுக்கு அவை பொருந்தா என்று அத்தீர்ப்பே கூறுகிறது. ஆகவே வெட்டாற்றங்கரையில் குடியிருக்கும் ஒருவர் இப்புதிய பாதுகாப்பைக் கோர முடியாது. 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் 7ஆம் பிரிவு அறிவிப்பும், 10ஆம் பிரிவு மேல்முறையீடுமே அவர் முதலில் நாட வேண்டியவை. அறிவிப்புக்கு அவர் எழுத்து மூலம் தரும் விளக்கத்தில், நிலத்தின் புல எண்ணும் வகைப்பாடும் சரியாக அளக்கப்பட்டனவா என்பதே முதல் கேள்வியாக அமைய வேண்டும்.