அட்டையில் ஏறிய பெயர்



'பழைய துப்பறியும் நாவல்கள் பெண்ணுக்குப் பெருமை சேர்த்தனவா, பெயரை மட்டும் கடன் வாங்கினவா?' என்பது தலைப்பு. பெருமை சேர்த்தன என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணி நண்பர் கேட்டார்: "இராஜாம்பாள் கதையில துப்புத் துலக்கினது யாரு? கோவிந்தன். கும்பகோணம் வக்கீல் கதையில வடிவாம்பாளுக்கு உதவினது யாரு? திகம்பர சாமியார். பொண்ணு அட்டைக்குப் பேரைக் குடுத்தா, உள்ளே உக்காந்து அழுதா, அவ்வளவுதானே?" (சிரிப்பு)

நல்லாத்தான் கேட்டார். ஆனா அந்தப் பேர்களை நின்னு பார்க்கலை.

ஜே.ஆர். ரங்கராஜு 1908-இல் இராஜாம்பாளை எழுதினார். கோயில்ல அம்பாள், வீட்டுல ராஜாம்பாள். இது ஒரு வகை. வடுவூர் துரைசாமி ஐயங்கார் தேவலோகத்துப் பேரையே தஞ்சாவூர்ப் பக்கம் இறக்கினார்: மேனகா! அதே வடுவூரார் எழுதிய சௌந்தர கோகிலத்தைப் பாருங்க. அது ஒரு பொண்ணு பேரில்லை; சௌந்தரவல்லி, கோகிலாம்பாள் என்று ரெண்டு அக்கா தங்கச்சி. அம்மா பேரு என்ன தெரியுமா? பூஞ்சோலையம்மாள்! பூஞ்சோலை பெத்தா குயில் பிறக்காம வேற என்ன பிறக்கும்? (கைதட்டல்)

ஏன் இப்படி வித்தியாசமா வெச்சாங்க? எனக்குத் தோணுறதைச் சொல்றேன். கதையில கொலை இருக்கு, கடத்தல் இருக்கு, கள்ளக் கடிதம் இருக்கு. செல்லம்மான்னு பேர் வெச்சா தெருவுக்கு நாலு செல்லம்மா சண்டைக்கு வருவாங்க. பூஞ்சோலையம்மான்னா யார் வருவா? (சிரிப்பு)

இனி விஷயத்துக்கு வாறேன். எங்க பக்கத்துல பெண்கள் பேரு ஞானபாய், நேசபாய், ரத்தினபாய் என்று 'பாய்'ல முடியும். கேட்க எத்தனை அழகு! ஆனா வீட்டுக்குள்ள யார் கூப்பிட்டாங்க? தாத்தா எங்க பாட்டியைக் கூப்பிட்டது, "ஏ பிள்ளே, இஞ்ச வா." ஊர் கூப்பிட்டது, "மூத்தவனுக்க அம்மை."

1838-லேயே ஆஸ்பத்திரி வந்த ஊர் இந்த நெய்யூர். ஆஸ்பத்திரின்னா சீட்டு எழுதணும், சீட்டுக்குப் பேர் சொல்லணும். பாட்டிக்கு ஒருதடவை காய்ச்சல். சீட்டு எழுதுறவர் பேர் கேட்டதும் தாத்தா தரையைப் பார்த்தாராம். முப்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்த மனுஷிக்குப் பேர் சொல்ல நாக்கு எழும்பலை. காய்ச்சலோட கிடந்த பாட்டியே தன் பேரைச் சொன்னாளாம். பிறகு எங்களிடம் சொல்வாள்: "மக்களே, அன்னைக்குத்தான் எனக்க பேரு எனக்கே ஞாபகம் வந்துது." (அமைதி)

அந்த மாதிரி காலத்துல, பெண்டாட்டி பேரைச் சொல்லக் கூசுன ஆம்பளை புத்தகக் கடையில போய் நின்னு, "மேனகா இருக்கா?"ன்னு சத்தமா கேட்டான்! 1935-இல் மேனகா சினிமாவாச்சு. நம்ம நாகர்கோவில் என்.எஸ். கிருஷ்ணனும் அதுல நடிச்சார். சுவரெல்லாம் ஒரு பெண்ணோட பேரு!

துப்பறிஞ்சது ஆம்பளைதான், ஒத்துக்கிறேன். ஆனா அட்டையில தன் இனத்துப் பேரைப் பார்த்துப் பார்த்து, ஒரு நாள் பெண்ணே பேனா எடுத்தாள். அஞ்சு வயசுல கல்யாணம் முடிச்சு வைக்கப்பட்டவர் வை.மு. கோதைநாயகி அம்மாள். முதல் நாடகத்தை எழுதக்கூட வராம, தோழியிடம் சொல்லி எழுதச் சொன்னவர். 1925-இல் 'ஜகன்மோகினி' இதழைக் கையில எடுத்து, 'வைதேஹி' என்ற துப்பறியும் கதையை அதுல வெளியிட்டார். பிறகு நூத்துக்கும் மேல நாவல்! கதைக்குள்ளேயும் பெண் பேரு, எழுதினவர் இடத்திலேயும் பெண் பேரு. (பலத்த கைதட்டல்)

நடுவர் அவர்களே, கடன் வாங்கினவன் வட்டியோட திருப்பிக் குடுத்தா அது பெருமைதானே? நீங்க எந்தப் பக்கம் தீர்ப்புச் சொன்னாலும் சரி. இங்கே இருக்கிற பிள்ளைகள் இன்னைக்கு ராத்திரி வீட்டுக்குப் போய், "பாட்டி, உனக்க முழுப் பேரு என்ன?"ன்னு கேக்கணும். அவ சொல்லும்போது முகத்தைப் பாருங்க.