"நாளைக்கு வர வேண்டாம்!"

கடையில் கோபம் வந்தால் முதலாளியின் வாயில் முதலில் வரும் வார்த்தை எது? "நாளைக்கு வேலைக்கு வர வேண்டாம்" என்பதுதான். சொல்வதற்கு ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தின் கணக்கைத் தீர்க்க எத்தனை மாதம் ஆகும் என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா?

வெள்ளவத்தையில் காலி வீதிக்குப் பக்கத்தில் தையற்கடை நடத்தும் ராத்தா ஒருவரை எனக்குத் தெரியும். வீட்டில் ஒரேயொரு தையல் மெசினோடு தொடங்கியவர். பிறகு கடை எடுத்து, மூன்று பெண்களை வேலைக்கு வைத்தார். அவர்களில் ஒருத்தி கொட்டாஞ்சேனையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருபவள். ஏழு வருடம் அவரிடம் வேலை செய்தவள்.

பெருநாள் நெருங்கிய நேரம். ஒரு வாடிக்கையாளரின் துணி காணாமற் போனது. சந்தேகம் அந்தப் பெண் மேல் விழுந்தது. ஒரு வார்த்தை கேட்காமல், அன்றிரவே ராத்தா வாட்ஸ்அப்பில் எழுதினார்: "நாளையிலிருந்து வர வேண்டாம்." பெருநாள் கழிந்து கடையை ஒதுக்கும்போது, வேறொரு பைக்குள் அந்தத் துணி கிடந்தது. ராத்தாவுக்கு வெட்கம். பேசலாம் பேசலாம் என்று நாளைக் கடத்தினார். ஐந்தாவது மாதத்தில் தொழில் நியாய சபையிலிருந்து அறிவித்தல் வந்தது.

"மூன்று பேர் வேலை செய்யும் கடைக்கும் இந்தச் சட்டமா?" என்றுதான் அவர் முதலில் கேட்டார். நம்மில் பலருக்கும் இருக்கும் எண்ணம் இதுவே.

சட்டம் சொல்வது என்ன?

1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் ஒன்று உண்டு. 15 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில், ஒழுக்கக் குற்றம் அல்லாத காரணத்துக்காக ஒருவரை நிறுத்துவதென்றால், அவருடைய எழுத்து மூல சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன் அனுமதியோ வேண்டும் என்கிறது அது. சிறிய கடைகளுக்கு இது பொருந்தாது. இதைக் கேள்விப்பட்டவர்கள்தான் "நமக்குச் சட்டமே இல்லை" என்று நினைத்து விடுகிறார்கள்.

ஆனால் 1950ஆம் ஆண்டின் கைத்தொழில் பிணக்குகள் சட்டம் வேறு. 1957இல் அது திருத்தப்பட்டுத் தொழில் நியாய சபைகள் வந்தன. இங்கே ஆட்களின் எண்ணிக்கை பார்ப்பதில்லை. ஒரேயொருவர் வேலை செய்யும் கடையாக இருந்தாலும், நிறுத்தப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்கலாம். மீண்டும் வேலையில் அமர்த்தும்படியோ நட்டஈடு கொடுக்கும்படியோ சபை கட்டளையிடலாம். வேலையை விட்டு நிறுத்தியதை முதலாளி ஒப்புக்கொண்டால், அது நியாயமானது என்று நிரூபிக்கும் பொறுப்பும் அவருடையதே. "களவெடுத்தாள் என்று நினைத்தேன்" என்பது அங்கே சாட்சியாகாது.

சிறிய கடைக்கு எது சுமை?

பெரிய கம்பனி என்றால் சட்டத்தரணி போவார், ஆளணிப் பிரிவு முகாமையாளர் போவார். சிறிய கடையில் முதலாளியும் ஒருவரே, சாட்சியும் அவரே. வழக்கு நாளில் கடையைப் பூட்ட வேண்டும். தவணை போட்டால் இன்னொரு நாள் பூட்ட வேண்டும். வாடகை மட்டும் நிற்காது. 2020இல் கொரோனா முடக்கத்திலும் 2022இல் பொருளாதார நெருக்கடியிலும் அடிபட்ட சிறு வியாபாரத்துக்கு இது தாங்க முடியாத பாரம்.

மறுபக்கத்தையும் பாருங்கள். அந்தப் பெண்ணின் சம்பளத்தில்தான் அவள் உம்மாவின் மருந்தும் தம்பியின் படிப்பும் நடந்தன. கள்ளி என்ற பெயரோடு அவள் வேறு எந்தக் கடைப்படியை ஏறுவாள்? வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கம் நமது. கூலியைப் போலவே அவளுடைய மானமும் நம்மிடம் உள்ள அமானிதம் அல்லவா?

கடை வைத்திருக்கும் சகோதரிகளுக்கு:

வேலைக்குச் சேர்க்கும் அன்றே சம்பளம், நேரம், லீவு எல்லாவற்றையும் எழுதி நியமனக் கடிதம் கொடுங்கள். 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் கேட்பதும் இதையே.

ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 12 வீதம், ஊழியரின் பங்கு 8 வீதம். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு உங்கள் பங்கு 3 வீதம். மாதந்தோறும் கட்டி விடுங்கள்.

தவறு நடந்தால் எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். சிறு தவறுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து, அதன் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். கோபமான இரவில் கையடக்கத் தொலைபேசியைத் தொடாதீர்கள்!

கர்ப்பமான காரணத்துக்காக ஒரு பெண்ணை நிறுத்தவே கூடாது. சட்டம் அதைத் தடுக்கிறது.

வேலைக்குப் போகும் சகோதரிகளுக்கு:

சம்பளச் சீட்டு, நியமனக் கடிதம், வாட்ஸ்அப் செய்தி எதையும் அழிக்காதீர்கள். "நானே விலகுகிறேன்" என்று எழுதிய தாளில் அவசரப்பட்டுக் கையெழுத்து வைக்காதீர்கள். ஆறு மாதக் கெடுவை மறக்காதீர்கள். 15 பேருக்குக் குறைந்த கடையில் பணிக்கொடைச் சட்டம் கட்டாயமில்லை என்றாலும், பணிக்கொடை கேட்டும் நியாய சபைக்கு விண்ணப்பிக்கலாம். சேமலாப நிதி கட்டப்படாவிட்டால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம். சட்டத்தரணிக்குப் பணமில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். ஆனால் பொய் வழக்கு மட்டும் வேண்டாம். உண்மையாகவே தவறு செய்துவிட்டு முதலாளியைப் பயமுறுத்திப் பணம் பறிப்பதும் அநியாயமே.

அந்த ராத்தாவின் கதை எப்படி முடிந்தது? மூன்றாவது தவணையில் சமாதானமானார்கள். மூன்று தவணைகளாக ஒரு தொகை கொடுப்பதாக ஒப்புக்கொண்டார். "துணி கிடைத்த அன்றே கொட்டாஞ்சேனைக்குப் போய் மன்னிப்புக் கேட்டிருந்தால், ஒரு சதமும் செலவாகி இருக்காது. அவளும் என்னோடு இருந்திருப்பாள்" என்கிறார் இப்போது.

அவர் கடையில் புதிதாக ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள். முதல் நாளே அவள் கையில் நியமனக் கடிதம் கொடுக்கப்பட்டது. உங்கள் கடையில் வேலை செய்பவளிடம் அப்படியொரு கடிதம் இருக்கிறதா, சகோதரியே? இல்லையென்றால் இன்றே எழுதுங்கள்.