வாங்கிய குதிரையும் வளர்த்த குதிரையும்

கங்கைகொண்ட சோழபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் ஐயனார் கோயில் வாசலில் குதிரைக்குப் பஞ்சமில்லை. ஊர் எல்லையில், மரத்தடியில், முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு சுடுமண்ணிலும் சிமெண்ட்டிலும் நிற்கின்றன. நேர்ந்துகொண்டவர்கள் வேளாரிடம் சொல்லிச் செய்து வைத்தவை. கழுத்து மணி, கடிவாளம், சேணத்து விளிம்பு வரை விடாமல் வடித்திருப்பார்கள். உயிருள்ள குதிரையைத்தான் தேட வேண்டும். அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களுக்கென்று ஒரு குதிரை இனம் கிடையாது. அங்கீகாரம் பெற்ற இனம் என்று தமிழ்நாட்டுக்கே ஒன்றும் கிடையாது.

கங்கை வரை படை அனுப்பிய முதலாம் இராசேந்திரன் 1025 வாக்கில் அமைத்த தலைநகரம் இது. ஏறத்தாழ 250 ஆண்டுகள் சோழப் பேரரசு இங்கிருந்து ஆளப்பட்டது. அந்தப் படையில் குதிரை இல்லாமல் இல்லை. குதிரைச் சேவகர்களைக் கல்வெட்டுகள் குறிப்பிடுகின்றன. மலைமண்டலத்திலிருந்து, அதாவது இன்றைய கேரளத்துப் பக்கமிருந்து, வந்த குதிரைச் செட்டிகள் சோழநாட்டுக் கோயில்களுக்குக் கொடை தந்திருக்கிறார்கள். குதிரை கடல் கடந்து வந்த சரக்கு. காவிரிப்பூம்பட்டினத்தில் கப்பலிலிருந்து குதிரை இறங்கியதைப் பட்டினப்பாலையே சொல்லிவிட்டது.

சோழருக்குப் பின் வந்த பாண்டியர் காலத்துக் கணக்கு இன்னும் திகைக்க வைக்கும். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகள் வந்ததாகவும், ஒன்றின் விலை 220 தீனார் என்றும் எழுதினார். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, ஓர் அரசர் ஆண்டுக்கு இரண்டாயிரம் குதிரை வாங்கினால் ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்கிறார். சோற்றையும் இறைச்சியையும் போட்டு வளர்த்தார்கள், லாடம் அடிக்கவும் நோய் பார்க்கவும் ஆள் இல்லை, அப்படிப்பட்ட ஆள் வந்துவிடாமல் வியாபாரிகளே பார்த்துக்கொண்டார்கள் என்பது அவர் தரும் விளக்கம். எண்களைக் கூட்டிச் சொல்லியிருக்கலாம். ஆனாலும் நூற்றாண்டுக் கணக்கில் பொன்னைக் கொட்டி வாங்கியும் குதிரை இங்கே ஓர் இனமாக வேர் பிடிக்கவில்லை என்பது மெய்.

இதற்குப் பஞ்சாங்கக் காரணம் எதுவும் வேண்டாம். கொங்குநாட்டுக் காங்கேயம் மாட்டைப் பாருங்கள். கிளுவை வேலி, வெள்வேல மரம், கொழுக்கட்டைப் புல் என்று தலைமுறை தலைமுறையாகப் பேணிய கொரங்காடு அந்த மாட்டை உருவாக்கியது. வண்டியும் ஏரும் கிணற்றுக் கவலையும் அதற்கு வேலை கொடுத்தன. மேய நிலம், செய்ய வேலை, கூடவே இருக்கிற குடும்பங்கள். காவிரிப் படுகை நெல்லுக்குப் போன நிலம். அங்கே குதிரைக்குப் போர் ஒன்றுதான் வேலை. போர் முடிந்தால் லாயம் காலி.

நிலம், வேலை, குடும்பங்கள் என்ற அந்த மூன்றும் ஒரு குதிரைக்கு அமைந்த இடம் மணிப்பூர். அங்குள்ள மட்டக்குதிரை நாலரை அடி உயரத்தைத் தாண்டாது. ஒரு காலத்தில் இதன் மேல் ஏறித்தான் மணிப்பூர் வீரர்கள் பர்மியப் படையை எதிர்த்தார்கள். ஓடிக்கொண்டே பின்பக்கம் எறிகிற ‘அரம்பை’ என்ற எறிகணை அவர்களுடைய தனி ஆயுதம். போர் போய்விட்டது, ஆட்டம் நிலைத்தது. சகோல் காங்ஜெய் என்ற அந்த ஆட்டத்தைத்தான் உலகம் போலோ என்று ஆடுகிறது. மணிப்பூரிகள் ஆடுவதைப் பார்த்த ஆங்கிலேய அதிகாரிகளும் தேயிலைத் தோட்டக்காரர்களும் 1859இல் சில்சரில் முதல் சங்கம் தொடங்கினார்கள். அங்கிருந்து கல்கத்தா, அப்புறம் இங்கிலாந்து.

உள்ளூர் ஆட்டத்தில் பக்கத்துக்கு ஏழு பேர். கோல் கம்பம் கிடையாது. எதிரணியின் எல்லைக்கோட்டைப் பந்து தாண்டினால் போதும். தலைப்பாகை கட்டி, வேட்டியை வரிந்து, வெறுங்காலோடு ஏறுகிறார்கள். குதிரையின் நெற்றியிலும் விலாவிலும் பஞ்சுக் குஞ்சங்கள் தொங்கும். அழகுக்கு மட்டுமல்ல, கோல் அடி படாமல் காக்கவும்தான். இம்பால் நகரின் நடுவில் இருக்கும் மாபல் காங்ஜெய்புங், உலகில் இன்றும் ஆட்டம் நடக்கும் மிகப் பழைய போலோ மைதானமாகப் போற்றப்படுகிறது.

குதிரைக்கும் இந்த ஆட்டத்துக்கும் காவல் தெய்வமாக மைத்தேயி மக்கள் வணங்குவது மார்ஜிங். இம்பாலை அடுத்த ஹெய்ங்காங் குன்றில் அவருக்குக் கோயில். வேண்டிக்கொண்டவர்கள் அங்கே குதிரைச் சிலை வைக்கிறார்கள், ஐயனாருக்கு நாம் செய்வது போலவே. அவர்களுக்கு உயிருள்ள குதிரையும் இருக்கிறது என்பதுதான் வித்தியாசம்.

இருக்கிறது என்று நிம்மதியாகச் சொல்லிவிட முடியவில்லை. 2003 கால்நடைக் கணக்கெடுப்பில் மணிப்பூர் மட்டக்குதிரைகள் 1,898. 2012இல் 1,101. 2019இல் 1,089. இந்தியா முழுவதும் இதே கதைதான்: 2012க்கும் 2019க்கும் இடையில் நாட்டின் குதிரை எண்ணிக்கை சுமார் 45 சதவீதம் சரிந்து 3.4 லட்சத்துக்கு வந்தது.

மணிப்பூரில் குதிரையைக் கொட்டிலில் கட்டி வளர்க்கும் வழக்கம் குறைவு. ஆட்டம் இல்லாத நாளில் சதுப்பு நிலத்தில் மேய விட்டுவிடுவார்கள். தேவைப்படும்போது பிடித்து வருவார்கள். இம்பாலின் லாம்ஃபெல்பாட் அப்படிப்பட்ட பெரிய மேய்ச்சல் சதுப்பு. கட்டடங்களும் அரசு நிறுவனங்களும் அதை விழுங்க விழுங்க, குதிரைகள் தெருவுக்கு வந்தன. குப்பை மேட்டில் பிளாஸ்டிக் தின்று சாகின்றன. வண்டி மோதிச் சாகின்றன. வேட்டையும் போரும் இந்தக் குதிரைக்கு எதிரி அல்ல, வீட்டுமனைதான் எதிரி.

வளர்ப்பவர்கள் சும்மா இருக்கவில்லை. மணிப்பூர் குதிரையேற்ற மற்றும் போலோ சங்கம் வெளிநாட்டு அணிகளை வரவழைத்து, வருகிறவர்களையும் இந்தக் குட்டைக் குதிரையிலேயே ஆட வைக்கிறது. 2016இல் தொடங்கிய மகளிர் போலோ போட்டிக்குப் பிறகு பெண்கள் ஆட்டத்துக்கும் தனி மதிப்பு வந்திருக்கிறது. அந்தப் பெண்களைப் பற்றி அசாமைச் சேர்ந்த ரூபா பரூவா ஆவணப்படமே எடுத்தார். அதே 2016இல் இந்த இனத்தைக் காப்பதற்கென்றே மாநில அரசு ஒரு கொள்கையை வெளியிட்டது. 2023இல் மார்ஜிங் குன்றில் நூறடிக்கும் மேல் உயரமான போலோ வீரர் சிலை திறக்கப்பட்டது. சிலையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வளர்ப்பவர்கள் பல ஆண்டுகளாகக் கேட்பது புல்தரை. அதே ஆண்டு மே மாதம் கலவரம் வெடித்து, மனிதர்களே வீடிழந்து முகாம்களுக்குப் போன மாநிலத்தில், அந்தக் கோரிக்கையை இன்னும் உரக்கச் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

மகாராஷ்டிரத்தில் வேறு மாதிரி நடந்தது. பீமா ஆற்றுப் பகுதியின் பீம்தடிக் குதிரை மராட்டியப் படையில் ஓடியது. படை கலைந்த பிறகு தங்கர் இடையர்கள் அதைக் கைவிடவில்லை. ஆட்டுக் கூட்டத்தோடு ஊர் ஊராக நடக்கையில் தட்டுமுட்டுச் சாமானும் நடக்க முடியாத ஆட்டுக்குட்டியும் குதிரை முதுகில்தான் போகும். அந்த எளிய வேலை இனத்தைக் காப்பாற்றியது. சில ஆண்டுகளுக்கு முன் தனி இனமாக அங்கீகாரமும் கிடைத்தது.

தமிழர் நிலத்துக்கு வந்தால், யாழ்ப்பாணத்துக்குத் தென்மேற்கே நெடுந்தீவு. குறிகட்டுவானிலிருந்து படகில் ஒரு மணி நேரம். போர்த்துக்கீசரும் ஒல்லாந்தரும் வளர்த்த குதிரைகளின் வழிவந்தவை இன்று கேட்பாரின்றி அந்தத் தீவின் தரவைகளில் கூட்டமாக மேய்கின்றன. ஒல்லாந்தர் காலத்துக் குதிரை லாயத்தின் தூண்கள் இன்னும் நிற்கின்றன. வேலிகூட பவளக் கல்லை அடுக்கியதுதான். கோடையில் கேணிகள் வற்றும்போது குதிரைகள் தாகத்தில் விழுகின்றன. 2015இல் தீவின் ஒரு பகுதியைத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அறிவிப்பால் கேணியில் தண்ணீர் ஊறாது. தூர் வார வேண்டும், கோடைக்குத் தொட்டி கட்ட வேண்டும்.

கடலுக்கு இந்தப் பக்கம், நம் கோடியக்கரையிலும் உரிமையாளர் இல்லாமல் காடேறிப்போன மட்டக்குதிரைகள் இருக்கின்றன. அந்தச் சரணாலயம் 1967இல் வெளிமான்களுக்காக அமைந்தது. மானுக்கான புல்லைக் குதிரை தின்கிறது என்பது அங்கே பழைய கவலை, நியாயமானதும்கூட. ஆனால் அந்தப் புல்வெளியைக் குதிரையைவிட வேகமாகச் சீமைக் கருவேலம் தின்றுகொண்டிருக்கிறது. குதிரைகளை அப்புறப்படுத்துவதா வைத்துக்கொள்வதா என்று பேசும் முன் அவற்றை எண்ணி, ரத்த மாதிரி எடுத்து, நெடுந்தீவுக் குதிரைகளோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இந்திய இனங்களைப் பதிவு செய்யும் விலங்கு மரபணு வளப் பணியகம் கர்னாலில் இருக்கிறது. நம் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்திடம் அதற்கான ஆய்வுக்கூடங்கள் இருக்கின்றன. கருவேலத்தை வேரோடு எடுத்தால் மானுக்கும் புல் கிடைக்கும், குதிரைக்கும் கிடைக்கும். அந்த வேலையை வனத்துறையும் வேதாரண்யம் பக்கத்து ஊர்க்காரர்களும் சேர்ந்தே செய்யலாம்.