உரோமையில் மூன்று நாள்

கோவையிலிருந்து உரோமை செல்ல நம்மில் பலர் ஆண்டுக்கணக்கில் சீட்டுக் கட்டிச் சேமிக்கிறோம். அங்கே கிடைப்பதோ மூன்று நாள். அதில் ஒன்று புதனாக இருக்கட்டும். திருத்தந்தை ஊரில் இருந்தால் அன்று காலை பொது மறைக்கல்வியுரை உண்டு. அனுமதிச்சீட்டு இலவசம், யாரேனும் விலை சொன்னால் கொடுக்க வேண்டாம். ஷெங்கன் விசாவுக்கு 6 மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம்.

தோளும் முழங்காலும் மறையும் உடையே உடுத்துவோம். 4 பெருங்கோவில்களையும் ஒரே நாளில் ஓடிப் பார்த்தால் கால்வலிதான் மிஞ்சும். முதல் நாள் முழுவதும் புனித பேதுரு பெருங்கோவிலுக்கே. நம் மண்ணின் தேவசகாயம் 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டது அதன் வளாகத்தில்தான்.

பங்கில் நடக்க இயலாத முதியோரின் வேண்டுதல்களை எழுதி வாங்கிச் செல்வோம். அவற்றை ஒப்புக்கொடுக்க நேரம் ஒதுக்கியபின், மற்ற இடங்களைத் திட்டமிடுவோம். அப்போது அது சுற்றுலா அல்ல, திருப்பயணம்.