வெள்ளிக்கிழமை மூட்டை

தாமிரபரணிக் கரையில் அமைந்தது எங்கள் ஊர். 1960-களில் எங்கள் இல்லத்தில் ஒன்பது பேர்: தந்தையார், தாயார், பாட்டியார், பிள்ளைகள் அறுவர். ஒன்பது பேருடைய ஒரு வாரத்து அழுக்கும் வெள்ளிக்கிழமைதோறும் வெளுக்கப்பட்டாக வேண்டும். சனிக்கிழமை பெட்டி போட்டு மடித்து வைத்தால்தான் ஞாயிறு காலைப் பூசைக்கு எல்லாரும் வெள்ளையும் சொள்ளையுமாகப் புறப்பட முடியும். துவைக்காத துணியோடு கோவிலுக்குப் போவது எங்கள் தாயாருக்கு ஏறத்தாழப் பாவமாகவே தோன்றியது. ஞானோபதேசத்தில் அது எந்தப் பாவத்தில் சேரும் என்று தந்தையார் கேலி செய்வார்.

வீட்டுக் கொல்லையிலேயே கிணறு இருந்தது. ஆனால் துவைப்பதற்கு உதவாது. எவ்வளவு சவுக்காரம் தேய்த்தாலும் நுரை எழாது. துணியில் சாம்பல் நிறத்தில் ஒரு பிசுக்குத்தான் படியும். கடின நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் சவுக்காரத்தோடு சேர்ந்து கரையாத படிவாகி விடுகின்றன என்று பின்னாளில் பள்ளியில் படித்தோம். தாயார் படிக்காமலே அதை அறிந்திருந்தார். "கிணத்துத் தண்ணி சவுக்காரத்தத் தின்னுரும்" என்பார். பொதிகையிலிருந்து இறங்கி வரும் ஆற்று நீரோ மென்மையானது. ஆகவேதான் ஏறக்குறைய ஒரு மைல் தூரம் மூட்டை சுமக்க வேண்டியதாயிற்று.

வேலை வியாழன் மாலையிலேயே தொடங்கிவிடும். ஓடையோரத்தில் வெண்மையாகப் பூத்துக் கிடக்கும் உவர்மண்ணைச் சுரண்டிக் கொண்டு வருவது சிறுவர்களாகிய எங்கள் பொறுப்பு. அதில் இயற்கையாகவே சோடா உப்பு உண்டு. துணியிலுள்ள எண்ணெய்ப் பசையை இளக்குவது அதுவே. மண்ணை நீரில் கரைத்துத் தெளிய வைத்து, அந்தத் தெளிவில் வெள்ளைத் துணிகளை இரவு முழுவதும் ஊறப் போடுவார்கள். விடியுமுன்னே கொல்லையில் அடுப்பு மூட்டி, பெரிய அண்டாவில் அவற்றை வேக வைப்பார்கள். புகைக்கு நடுவே நீண்ட கழியால் துணிகளைப் புரட்டிக் கொண்டிருப்பவள் எங்கள் மூத்த அக்காள். கடைசிக் குழந்தை பிறந்தது முதல் தாயாருக்கு இடுப்பு வலி. குனிந்து நிமிர இயலாது. பன்னிரண்டு வயதில் அந்தக் கழி அக்காளின் கைக்கு வந்தது.

மூட்டைகளை ஆற்றங்கரையில் இறக்கியதும் எங்கள் பணி முடிந்தது. ஒரு முங்கு முங்கிவிட்டுப் பள்ளிக்கு ஓடிவிடுவோம். கல்லில் அடித்துத் துவைப்பதையும் அலசுவதையும் விடுமுறை நாட்களில்தான் முழுமையாகக் கண்டோம். போர்வையைப் பிழிய இருவர் வேண்டும். ஒருவர் இப்புறமும் மற்றவர் அப்புறமுமாக முறுக்க, நடுவிலிருந்து நீர் கயிறாக வழியும். சுடுமணலில் விரித்த வேட்டிகள் ஒரு நாழிகையில் உலர்ந்துவிடும். சட்டைகள் காற்றில் பறவாதிருக்க ஓரங்களில் கல் வைக்க வேண்டும்; மாடு மிதியாதிருக்கக் காவலும் வேண்டும்.

நீலம் போடுவதுதான் நுட்பமான வேலை. நாட்பட்ட வெள்ளைத் துணியில் மஞ்சள் ஏறும். அந்த மஞ்சளை ஈடுகட்டி, கண்ணுக்கு வெண்மையாகக் காட்டுவது நீலத்தின் தொழில். பொடியைத் துணியில் முடிந்து நீரில் ஆட்ட வேண்டும். ஒருமுறை நாங்கள் அவசரப்பட்டுப் பொடியை அப்படியே கொட்டிவிட்டோம். அந்த ஞாயிறன்று தந்தையார் மேகம் போன்ற திட்டுகளோடு நற்கருணை வாங்கச் சென்றார். அடி விழுந்தது எங்களுக்கன்று, அக்காளுக்கு. "நீ பாத்துக்கிட வேண்டாமா?" என்பது தாயாரின் நியாயம்.

ஜமுக்காளம், கனத்த போர்வைகள் ஆகியவற்றை மட்டும் மாதம் ஒருமுறை சலவைக்காரப் பாட்டி எடுத்துச் சென்று வெள்ளாவி வைத்துத் தருவார். எந்த வீட்டுத் துணி என்று அறிய, சேங்கொட்டைச் சாற்றால் மூலையில் குறி இடுவார். எங்கள் குறி இரண்டு புள்ளியும் ஒரு கோடும்; எத்தனை வெளுப்புக்கும் அது அழியவில்லை. கூலியாக அறுவடையில் நெல்லும், அந்தியில் வீடு வீடாக வாங்கிச் செல்லும் சோறும்தான். அவரும் நம் பங்கைச் சேர்ந்தவரே. ஆயினும் எங்கள் பாட்டியாரைவிட வயதில் மூத்த அவரைப் பத்து வயதுப் பிள்ளைகளாகிய நாங்கள் பெயர் சொல்லி, 'வா, போ' என்றே அழைத்தோம். அது தவறென்று வீட்டில் எவரும் எங்களுக்குச் சொல்லவில்லை, எங்களுக்காகவும் தோன்றவில்லை. 'பாட்டி' என்று இன்று எழுதுகிறோம். அவர் உயிரோடிருந்த காலத்தில் ஒருநாளும் அவ்வாறு கூப்பிட்டதில்லை.

வெள்ளிக்கிழமைதோறும் அக்காள் பள்ளிக்குச் செல்லவில்லை. தமக்கையின் விடுப்புக்குக் காரணம் கேட்டால், 'காய்ச்சல்' என்று சொல்லுமாறு எங்களுக்குப் பாடம் ஆகியிருந்தது. ஆசிரியை ஒருவர் வீடு தேடி வந்து, கணக்கில் இவ்வளவு கெட்டிக்காரப் பெண்ணை நிறுத்திவிடாதீர்கள் என்று தந்தையாரிடம் மன்றாடியது நன்றாக நினைவிருக்கிறது. தந்தையார் மரியாதையாகக் காப்பி கொடுத்து அனுப்பி வைத்தார். 1964-இல் எட்டாம் வகுப்போடு அக்காளின் படிப்பு நின்றது. தம்பியர் நால்வரும் கல்லூரி கண்டோம். ஒரு வெள்ளிக்கிழமையும் நாங்கள் வகுப்பைத் தவறவிட்டதில்லை.

அகமதாபாத்தில் 1969-இல் பிறந்த நிர்மா தூள் எங்கள் வீட்டு வாசலை எட்டியபோது அக்காளுக்குத் திருமணமாகிப் பிள்ளைகளும் பிறந்திருந்தனர். இப்போது அக்காளின் மகன் வீட்டில் சலவை இயந்திரம் இருக்கிறது. அது சுற்றி முடித்த துணியை எடுத்து இன்னும் ஒருமுறை கையால் பிழிந்து பார்த்த பிறகே கொடியில் போடுகிறாள்.

பழைய வீட்டை ஒழித்தபோது, சலவைக்குப் போட்ட துணிகளை அக்காள் எழுதி வைத்த நோட்டு ஒன்று பரணில் கிடைத்தது. 'ஜமுக்காளம் 2, போர்வை 4' என்று மாதவாரியாகப் பட்டியல். அதைத் திருப்பிப் பிடித்தால், பின்பக்கங்களில் வேறொன்று இருந்தது. எங்கள் ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்து இயற்கணிதக் கணக்குகள் வரிசையாக, அதே கையெழுத்தில். நாங்கள் தூங்கிய பிறகு புத்தகத்தை எடுத்திருக்கிறாள். அந்தப் பக்கங்களை நாங்கள் நால்வரும் சுற்றி அமர்ந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம். ஒரே ஒரு கணக்கில் மட்டும் குறி மாறியிருந்தது.