கரும்பலகை கீழே இறங்கிய கதை

பாடத்திட்டத்துக்கு வெளியே – 9

இந்த வாரம் தர்மபுரி மாவட்டத்துச் சிட்லிங்கிப் பள்ளத்தாக்குக்குப் போவதாகத்தான் ஏற்பாடு. வழியிலுள்ள பொம்மிடியைத் தாண்டவில்லை. 2011 கணக்கெடுப்பில் 68.5 சதவீத எழுத்தறிவோடு தர்மபுரி மாவட்டம் மாநிலத்திலேயே கடைசியில் நின்றது. அப்படிப்பட்ட மாவட்டத்தில் 'பிள்ளைகள் சொந்தமாக யோசிக்க வேண்டும்' என்ற பேச்சு எடுபடுமா என்ற கேள்வியில் சென்ற இதழ் முடிந்தது.

தாமதத்துக்குக் காரணம் ஒரு சுவர். அரசுத் தொடக்கப் பள்ளி வகுப்பறைகளின் சுவரில், தரையிலிருந்து ஒரு பிள்ளையின் மார்பு உயரம் வரைக்கும் பட்டையாகக் கறுப்பு வண்ணம் அடித்திருப்பார்கள். அந்தப் பட்டையில் செங்குத்தாக வெள்ளைக் கோடுகள். கோட்டுக்குக் கோடு ஒரு பிள்ளையின் இடம். மேலே அதன் பெயரோ எண்ணோ இருக்கும். பள்ளிக்கூடத்துக்குப் பெயின்ட் அடிக்க வந்தவர் கீழ்ப்பகுதி அழுக்காகாமலிருக்கக் கறுப்பை அடித்துவிட்டார் என்று நினைத்துப் போகிறவர்கள் உண்டு. தமிழ்நாட்டுத் தொடக்கக் கல்வியில் கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் நடந்த மிகத் துணிச்சலான காரியம் அந்தப் பட்டைதான் என்று இந்தத் தொடர் கருதுகிறது.

அதற்கு முன்னால் வகுப்பறையில் சாக்பீஸ் யார் கையில் இருந்தது என்று யோசித்தால் விஷயம் புரியும். ஆசிரியர் கையில் இருந்தது. அவர் வெளியே போனால் வகுப்புத் தலைவன் கைக்குப் போகும். அதுவும் பேசுகிறவர்கள் பெயரை எழுத. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக் கரும்பலகை எட்டவே எட்டாது. எட்ட வேண்டும் என்று யாரும் நினைத்ததில்லை. தாழ்நிலைக் கரும்பலகை என்ற இந்தப் பட்டை வந்ததும் ஆறு வயதுப் பிள்ளைக்குப் பள்ளிச் சுவரில் சொந்தமாக ஒன்றரை அடி அகலம் கிடைத்தது. எழுதலாம், அழிக்கலாம், தப்பாக எழுதலாம், பக்கத்துக் கட்டத்தை எட்டிப் பார்க்கலாம். பார்த்து எழுதினால் அடி விழுந்த இடத்தில், பார்த்து எழுதுவதே படிக்கும் முறையாயிற்று. திருத்த வேண்டுமென்றால் ஆசிரியர்தான் குனிய வேண்டும், அல்லது பாயில் உட்கார வேண்டும்.

இந்தப் பட்டை, செயல்வழிக் கற்றல் என்ற முறையோடு சேர்ந்து வந்தது. அது வந்த வழி சுவாரசியமானது. 2003-ல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் ஐ.ஏ.எஸ்., மாநகராட்சிப் பள்ளிகளில் 13-ஐ எடுத்துச் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார். அதற்கு முன்பே, 1990-களில் வேலூர் ஆட்சியராக இருந்தபோது, பீடி சுற்றப்போன பிள்ளைகளுக்கான சிறப்புப் பள்ளிகளில் அவருக்கு ஒரு விஷயம் பிடிபட்டிருந்தது. வெவ்வேறு வயதில், வெவ்வேறு இடத்தில் படிப்பை விட்டுவிட்டு வரும் பிள்ளைகளை 'எல்லாரும் பக்கம் பதினேழைத் திறங்க' என்று ஒரே இழுப்பில் இழுக்க முடியாது. மாற்று எங்கே இருக்கிறது என்று தேடியவர்கள் ஆந்திராவில் மதனப்பள்ளி பக்கத்திலுள்ள ரிஷிவேலியில் போய் நின்றார்கள். அங்கே ஜே. கிருஷ்ணமூர்த்தி பள்ளியைச் சுற்றியிருந்த கிராமங்களில் பத்மநாப ராவும் ரமாவும் ஓராசிரியர் பள்ளிகளை நடத்திவந்தார்கள். பாடப் புத்தகத்தைப் பிரித்து அட்டைகளாக்கி, அட்டைகளை ஏணிப்படியாக வரிசைப்படுத்தியிருந்தார்கள். பிள்ளை தன் படியைத் தானே பார்த்து, தட்டிலிருந்து தன் அட்டையைத் தானே எடுக்கும். நான்கு நாள் காய்ச்சலில் கிடந்து வந்தாலும் விட்ட படியிலிருந்து ஏறலாம்; வகுப்பு அதற்குள் எங்கேயோ போயிருக்காது.

ராவ் தம்பதியின் யோசனைக்கும் ஒரு மூலம் உண்டு. சிட்லிங்கிப் பயணம் தள்ளிப்போனது அதனால்தான். அவர் பெயர் டேவிட் ஹார்ஸ்பரோ.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப் படைக்காரராக இந்தியா வந்தவர். போர் முடிந்தபின் இங்கேயே ஆசிரியரானார். ரிஷிவேலியில் பாடம் நடத்தினார், பிரிட்டிஷ் கவுன்சிலில் வேலை பார்த்தார், ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகத்துக்காகப் பாடநூல்கள் எழுதினார். பாடநூல் எழுதிப் பெயர் வாங்கிய மனிதர், 1972-ல் மனைவி டோரீனோடு சேர்ந்து கோலார் மாவட்டத்தின் ஆந்திர எல்லையோரக் கிராமத்தில் 'நீல் பாக்' என்ற பள்ளியைத் தொடங்கியபோது அதில் வகுப்புப் பிரிவு இல்லை, தேர்வு இல்லை, தரவரிசை இல்லை. பெரிய பிள்ளையும் சின்னப் பிள்ளையும் ஒரே இடத்தில் உட்கார்ந்து அவரவர் வேலையைச் செய்தார்கள். கணக்கும் தச்சும் மண்பாண்டமும் பாட்டும் ஒரே மதிப்பில் நடந்தன. ஊர்ப் பிள்ளைகள்தான் மாணவர்கள். ஆசிரியப் பயிற்சிக்கும் விரல்விட்டு எண்ணக்கூடிய பேரைத்தான் எடுத்தார். அவர்களும் உளியைப் பிடித்தார்கள்.

தண்டனையை விட்டதைப் போலவே பரிசையும் அவர் விட்டார். இதை எழுதும்போது கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது. பிரம்பை ஒதுக்கிவிட்டோம் என்று பெருமையாகச் சொல்லும் பள்ளிகள் இன்றைக்கு ஏராளம். பரிசை ஒதுக்கிவிட்டோம் என்று சொல்லும் பள்ளியைக் காண்பது அரிது. ஆண்டு விழா மேடையில் எவர்சில்வர் டம்ளரும் சோப்பு டப்பாவும் அடுக்கி வைத்து, முதல் மூன்று பேரை மட்டும் மேலே கூப்பிட்டு, மீதி முப்பது பேரைக் கைதட்ட வைப்பதில் நமக்கு எந்த உறுத்தலும் இருப்பதில்லை. ஹார்ஸ்பரோவுக்கு இருந்தது. அவர் 1984-ல் காலமானார். கிருஷ்ணகிரி மாவட்டத்தைத் தாண்டினால் கோலார். அந்தப் பக்கத்து மாவட்டத்தில் முளைத்த யோசனை மதனப்பள்ளிக்கு ஏறி, சென்னைக்கு இறங்கி, அரசாணையாக பொம்மிடிக்கு வந்து சேர முப்பத்தைந்து வருடம் பிடித்தது.

வந்தது 2007-ல். அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் மாநிலத் திட்ட இயக்குநராக விஜயகுமார் இருந்த காலம். 13 பள்ளி 37,000-க்கும் மேற்பட்ட பள்ளிகளாயிற்று. பெஞ்சு போய்ப் பாய் வந்தது. பிள்ளைகளே வருகை பதிந்துகொள்ளும் சுய வருகைப் பதிவேடு, ஆரோக்கியச் சக்கரம், வரைந்ததைத் தொங்கவிடத் தலைக்கு மேலே கம்பிப் பந்தல். நீல் பாக்கில் ஒருவர் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து பழகிய விஷயத்தை, வட்டார வள மையத்தில் சில நாள் பயிற்சியாகக் கொடுத்தார்கள். இழப்பு இல்லாமல் இருக்குமா? ரிஷிவேலியில் அட்டை எழுதியவர்கள் அந்த வட்டாரத்துக் கதைகளையும் பாட்டுகளையும் தேடிப்பிடித்துச் சேர்த்தார்கள். இங்கே கடலூருக்குப் போன அதே அட்டைதான் பாப்பிரெட்டிப்பட்டி வட்டத்துக்கும் வந்தது. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகள் இந்த மாவட்டத்தில் கணிசம். அட்டைக்கு அது தெரியாது.

பெற்றோருக்கு வேறு கவலை. "ஏன் டீச்சர், புத்தகமே எடுத்துட்டு வர்றதில்ல, வீட்டுப்பாடமும் குடுக்க மாட்டேங்கறீங்க, பாடம் நடத்துறீங்களா இல்லியா?" என்ற கேள்வி அப்போது மாநிலம் முழுக்கக் கேட்டது. கேள்வியில் நியாயம் உண்டு. பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கிற தகப்பனுக்குப் பிள்ளை படிக்கிறது என்பதற்கு ஒரே சாட்சி, ராத்திரி விளக்கடியில் விரித்து வைத்த நோட்டு. அந்தச் சாட்சியைப் பிடுங்கிவிட்டு, 'பிள்ளை தன் வேகத்தில் ஏணி ஏறுகிறது' என்றால் எப்படி நம்புவார்? நம்பாதவர்கள் மெட்ரிக் பள்ளி வேனில் ஏற்றிவிட்டார்கள்.

ஒன்று முதல் நான்கு வரைக்குமான கதை இது. ஆறு முதல் எட்டு வரைக்கும் அதே சமயத்தில் வந்த திட்டத்தின் பெயரே 'படைப்பாற்றல் கல்வி'. ஆசிரியர்கள் வாயில் ஏ.எல்.எம். இதன் நடுநாயகம் மனவரைபடம். பிள்ளை பாடத்தைத் தானே வாசித்து, புரியாத சொல்லை அடிக்கோடிட்டு, நடுவில் ஒரு வட்டம் போட்டுத் தலைப்பை எழுதி, கிளை கிளையாகப் பிரித்து வரைய வேண்டும். பிறகு குழுவாக உட்கார்ந்து, ஐந்தாறு படங்களை ஒன்றாகத் தொகுத்து, சார்ட்டில் எழுதி, எழுந்து நின்று விளக்க வேண்டும். டோனி பூசன் என்ற ஆங்கிலேயர் 1974-ல் பிபிசி தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் மூலம் பிரபலமாக்கிய உத்தி. லண்டனில் குறிப்பெடுக்கக் கற்றுக்கொடுத்தது, தமிழ்நாட்டு நடுநிலைப் பள்ளியில் கெஜக் கணக்கில் சார்ட் வாங்க வைத்தது.

ஆரம்பத்தில் நடந்தது நிஜமாகவே நல்ல விஷயம். பின்வரிசைப் பிள்ளை எழுந்து நின்று, தன் கிளையைத் தான் ஏன் அங்கே போட்டேன் என்று சொன்னதை அதற்கு முன் எந்த முறையும் சாதிக்கவில்லை. அப்புறம் பார்வைக்கு வந்த அதிகாரிகள் நோட்டில் மனவரைபடம் இருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்தார்கள். பாடத்துக்கு ஒரு படம், தேதி, கையெழுத்து. கெட்டிக்காரப் பிள்ளை வரைந்ததை மற்றவர்கள் பார்த்து எழுதினார்கள்; இந்தத் தடவை அது படிக்கும் முறையாக இல்லை, கணக்குக் காட்டும் முறையாக இருந்தது. 2018-லிருந்து வந்த புதிய அறிவியல் பாடநூல்களில் பல பாடங்களின் முடிவில் கருத்து வரைபடம் அச்சிலேயே வந்துவிடுகிறது. பிள்ளை யோசித்து வரைய வேண்டியதைப் புத்தகமே வரைந்து கொடுத்துவிட்டால் மனப்பாடம் செய்ய இன்னும் ஒரு பக்கம் கூடுகிறது, அவ்வளவுதான்.

ஆக, பெயரிலேயே படைப்பாற்றலை வைத்துக்கொண்டு வந்தது நோட்டுக்குள் அடங்கிப்போனது. அப்படி எந்தப் பெயரும் இல்லாத கறுப்புப் பட்டை அதிக காலம் வேலை பார்த்தது. காரணம் எளியது என்று தோன்றுகிறது. சுவரைப் பார்வையாளர் தணிக்கை செய்ய முடியாது. காலையில் எழுதியது மத்தியானம் இருக்காது.

இதோடு இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பொம்மிடியில் ரயிலேறினால் சேலம், சேலத்தைத் தாண்டினால் ராசிபுரம், நாமக்கல். ஏணியும் மனவரைபடமும் அரசுப் பள்ளிக்கு வந்த அதே ஆண்டுகளில், அந்தப் பக்கத்து உறைவிடப் பள்ளிகள் பலவற்றில் பதினோராம் வகுப்புப் பாடத்தையே தொடாமல் இரண்டு வருடமும் பன்னிரண்டாம் வகுப்பை நடத்திக்கொண்டிருந்தார்கள். பிராய்லர் பள்ளி என்று ஊரே கிண்டலடித்தது. கிண்டலடித்தபடியே கடன் வாங்கி இடம் பிடித்தது. 2017-18-ல் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்ததற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணம். ஆறு வயதில் சுவரில் தன் இஷ்டத்துக்குக் கிறுக்கிய பிள்ளை, பதினாறு வயதில் விடிகாலை நாலு மணிக்கு எழுப்பப்பட்டு வினா வங்கியை ஒப்பித்தது. இரண்டையும் ஒரே மாநிலம், ஒரே தலைமுறைக்குச் செய்தது. செயல்வழிக் கற்றல் வென்றதா தோற்றதா என்று விவாதிக்கிறவர்கள் இந்தப் பாதியைச் சேர்த்துக்கொள்வதே இல்லை.

2022 ஜூனில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரித்தார்கள். ஏணியின் பேரப்பிள்ளை என்று சொல்லலாமா என்று ஆராய்ந்தால் அது தனிக் கட்டுரையாகிவிடும்.

அடுத்த வாரம் சிட்லிங்கி. 1993-ல் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் ஒரு கூரைக் கொட்டகையில் ஆஸ்பத்திரி தொடங்கிய பள்ளத்தாக்கு. 2004-ல் அனுராதா, கிருஷ்ணா என்ற கட்டடக் கலைஞர் தம்பதி அங்கே 'துளிர்' கற்றல் மையத்தை ஆரம்பித்தார்கள். படிப்பை விட்ட இளைஞர்கள் அங்கே மண்சுவர் எழுப்பவும் மின்சார வேலை செய்யவும் கற்றுக்கொண்டார்கள். பள்ளி தவறவிட்டவர்களை வைத்துத் தொடங்கிய இடம் என்பதால், ஹார்ஸ்பரோவின் உளியிலிருந்து அந்தக் கட்டுரையைத் தொடங்குவதே வசதி.

(தொடரும்)