நிறம் போனால் போதுமா?

நொய்யல் என்றதும் வெளியூர்க்காரர்கள் கேட்பது, "ஆத்துல இன்னும் சாயத்தண்ணிதான் ஓடுதுங்களா?" என்பதுதான். ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே விவசாயம் பார்க்கிற எனக்கு நிறம் பெரிய விஷயமல்ல. எங்கள் காட்டைக் கெடுத்தது கண்ணுக்குத் தெரியாத உப்பு.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக வந்து காவிரியில் சேர்கிறது நொய்யல். திருப்பூர் பனியன் துணிக்குச் சாயம் ஏற்ற உப்பு வேண்டும். பருத்தியில் சாயம் தானாக நன்றாகப் பிடிக்காது. உப்பைப் போட்டால்தான் நூலில் ஏறும். ஏற்றிவிட்ட உப்போ துணியில் தங்காது, கழிவுநீரோடு வெளியே வந்துவிடும். தொண்ணூறுகளில் வந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் சுண்ணாம்பு போன்றவற்றைக் கலந்து நிறத்தை வண்டலாகப் படிய வைத்தன. தண்ணீர் தெளிந்தது; உப்பு அப்படியே ஆற்றுக்குப் போனது.

அதே காலத்தில் பாசனத்துக்கென்று சென்னிமலைப் பக்கம் ஒரத்துப்பாளையம் அணை எழும்பியது. அதில் தேங்கியது சாயக்கழிவு. அது மண்ணுக்குள் இறங்கிக் கிணறுகளுக்கு வந்தது. எங்கள் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. தென்னை ஓரளவு தாங்கி நின்றது. மஞ்சளும் வாழையும் தாங்கவில்லை. சோடியம் ஏறிய மண் இறுகிப்போய், பாய்ச்சிய தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலேயே நின்றது. அணையில் தண்ணீர் தேக்க வேண்டாம் என்று விவசாயிகளே சொல்லும் நிலை வந்தது.

நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் நீதிமன்றப் படி ஏறினார்கள். ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறக் கூடாது என்று வந்த தீர்ப்பை 2009-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அப்படியும் நடக்காததால், 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதன் பிறகுதான் சவ்வு வழியே நீரைப் பிரித்து, மிச்சத்தைக் காய்ச்சி உப்பை மீட்கும் முறை பரவலானது. மீட்ட உப்பும் நீரும் மறுபடி பட்டறைக்கே போகின்றன. தொழிலும் நடக்கிறது. ஆக, முடியாத காரியம் ஒன்றுமில்லை. செலவைத் தொழில் ஏற்காமல் அத்தனை ஆண்டுகள் எங்கள் தலையில் கட்டினார்கள், அவ்வளவுதான்.

ஆற்றில் விழுவதைத் தடுத்துவிட்டால் மட்டும் நிலத்தடியில் இறங்கிய உப்பு போய்விடாது. நல்ல மழை பெய்து, நல்ல வெள்ளம் ஓடி, கொஞ்சம் கொஞ்சமாக அலசினால்தான் உண்டு. மழையைச் சாக்காக வைத்துக் கழிவைத் திறந்துவிடுகிறார்கள் என்ற புகாரும் ஓயவில்லை.

மாசில்லாத நீர், அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1991-லேயே சொல்லிவிட்டது. நாம்தான் தண்ணீர் உரிமை என்றால் அளவை மட்டும் நினைக்கிறோம். எத்தனை டி.எம்.சி. என்று சண்டை போடத் தெரிகிறது. வருகிற தண்ணீரின் டி.டி.எஸ். எவ்வளவு என்று கேட்கத் தெரியவில்லை. நீரில் கரைந்திருக்கும் திடப்பொருள்களின், பெரும்பாலும் உப்புகளின், மொத்த அளவுதான் டி.டி.எஸ். குடிநீரில் அது லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை போகலாம் என்கிறது இந்தியத் தர அளவு.

நீங்கள் எந்த ஊர்க்காரராக இருந்தாலும், கோடையில் ஒரு முறை, மழை முடிந்து ஒரு முறை உங்கள் கிணற்று நீரையோ போர் தண்ணீரையோ சோதித்து, தேதி போட்டு எழுதி வையுங்கள். குடிநீர் என்றால் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகம். பாசன நீர் என்றால் வேளாண்துறையின் மண் பரிசோதனை நிலையம். அளவு ஏறினால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்து, ரசீது வாங்குங்கள். தண்ணீர் தெளிவாக இருக்கிறது என்று சும்மா இருந்துவிடாதீர்கள்.